மூடிய அரங்கும் மூடுபனியும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்ந்த உரையின் எழுத்து வடிவம்)



இலக்கிய மேடையில் டென்னிஸ் ஆட்டத்தைப் பற்றி ஓர் உரை என்றவுடன் சிலருடைய முகத்தில் புன்னகை அரும்புவது இயல்பே. ஆயினும் இந்த மலைக்கு ஏறி வரும் சாலையின் அடிவாரத்திலேயே அதற்கு ஒரு விடை இருக்கிறது. வத்தலக்குண்டு, பி. எஸ். ராமையாவையும் சி. சு. செல்லப்பாவையும் தமிழுக்குத் தந்த ஊர். 'எழுத்து' நடத்திப் புதுக்கவிதைக்கு வாசல் திறந்துவிட்ட அதே செல்லப்பாதான் 'வாடிவாச'லையும் எழுதினார். மாடு அணைப்பவனின் கண்ணையும் கையையும் பார்த்து எழுதியதனால் அவருடைய இலக்கியத் தகுதி குறைந்துவிடவில்லை. அந்நூலில் வாடிவாசலைச் சுற்றி நிற்கும் கூட்டமும் ஒரு பாத்திரமே. இந்த உரையின் பொருள் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர், அதாவது இரசிகர். அதிலும் ஆட்டத்தைக் கண்ணால் காணவே முடியாத தொலைவில் நின்ற இரசிகர்.

1987 டிசம்பர் 18, 19, 20. வெள்ளி, சனி, ஞாயிறு. சுவீடன் நாட்டின் கோத்தன்பர்க் நகரில், ஸ்காண்டினேவியம் என்னும் கூரையிட்ட பேரரங்கில், டேவிஸ் கோப்பை டென்னிஸ் இறுதிப் போட்டி நடந்தது. ஒரு பக்கம் சுவீடன், மறுபக்கம் இந்தியா. இந்தியா என்று பொதுப்பெயர் சொன்னாலும் களத்தில் இறங்கிய மூவரும் சென்னைக்காரர்கள். விஜய் அமிர்தராஜ், அவருடைய அண்ணன் ஆனந்த் அமிர்தராஜ், ரமேஷ் கிருஷ்ணன். ரமேஷின் தந்தை இராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் விம்பிள்டன் அரையிறுதி வரை சென்றவர். 1966-இல் மெல்போர்னில் இதே கோப்பைக்கான இறுதிப் போட்டியில் ஆடியவர். தந்தை விட்ட இடத்தில் மகன் நின்றார் என்று கதை சொல்வதற்கு வேண்டியதெல்லாம் அங்கே இருந்தது.

அந்த மூன்று நாள்களில் பழனி மலைத்தொடரில் இருந்த ஓர் இரசிகரைக் கற்பனை செய்துகொள்ளலாம். பெயர் வேண்டாம். பண்ணைக்காட்டுப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்குப்பிள்ளை. அவரைப் போன்றவர்கள் இம்மலையில் அன்று ஒருவர் இருவரல்லர். கோடைக்கானலுக்கு டென்னிஸ் புதிய சரக்குமன்று. 1845-இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் முதல் வீடுகளைக் கட்டியதும், 1887-இல் ஆங்கிலேயர் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்துக்கொண்டதும் வரலாறு. சமவெளியின் வெயிலுக்கு அஞ்சி மேலேறி வந்தவர்கள் கையோடு மட்டைகளையும் கொண்டுவந்தார்கள். பந்து பொறுக்கப் போன சிறுவர்கள் ஆட்டத்தையும் சேர்த்தே பொறுக்கிக்கொண்டார்கள்.

மலையில் ஆடும் டென்னிசுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. ஏழாயிரம் அடி உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் பந்து தடையின்றிப் பறந்து கோட்டைத் தாண்டி விழும். 1,219 மீட்டருக்கு மேற்பட்ட இடங்களுக்கென்றே வேகம் குன்றிய தனிப்பந்து ஒன்றை உலக டென்னிஸ் விதிகள் அனுமதிக்கின்றன. கோடைக்கானல் அந்த எல்லைக்கு வெகு மேலே இருக்கிறது. இதைவிடப் பெரிய தொல்லை மூடுபனி. பிற்பகல் மூன்று மணிக்கு வலைக்கு அப்பால் நிற்பவர் இருக்கிறாரா இல்லையா என்பதே தெரியாமல் போகும். எதிராளி அடித்த ஓசை கேட்கும், பந்து வராது. மழையும் பனியும் காற்றும் புகாத ஓர் அரங்கில் மூன்று நாள் தொடர்ந்து ஆடுகிறார்கள் என்ற செய்தி, மலைவாசிக்கு ஏறக்குறைய ஒரு தேவலோகச் செய்திதான்.

அந்த அரங்கத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். டேவிஸ் கோப்பையில் போட்டியை நடத்தும் நாடுதான் தளத்தைத் தீர்மானிக்கும். இந்தியா அந்த ஆண்டு டெல்லியில் அர்ஜென்டினாவை 3-2 என்று வென்றது புல்தளத்தில். செம்மண் தளத்தில் வளர்ந்த அர்ஜென்டினா வீரர்கள் புல்லில் வழுக்கினார்கள். அப்போதும் மார்ட்டின் ஹைட்டேயிடம் தோல்வியின் விளிம்பு வரை போய் மீண்டுதான் விஜய் கணக்கைச் சமன் செய்தார். பிறகு இஸ்ரேல் வீழ்ந்தது. அக்டோபரில் சிட்னியிலும் புல்தளமே. அங்கே ஐந்தாவது ஆட்டத்தில் ரமேஷ் வாலி மாசூரை நேர் செட்களில் வீழ்த்த, ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணிலேயே 3-2 என்று வென்று இந்தியா இறுதிக்குள் நுழைந்தது. புல் இந்தியருக்குத் தாய்வீடு. பந்து தாழ்ந்து வழுக்கி வரும். ரமேஷின் பட்டுப்போன்ற தொடுப்புக்கும், விஜய் வலையை நோக்கி விரைந்து வந்து காற்றிலேயே பந்தை வெட்டிவிடும் முறைக்கும் அதுவே ஏற்ற இடம்.

சுவீடன்காரர்கள் என்ன செய்தார்கள்? பனிக்கட்டித் தரையில் ஹாக்கி ஆடும் தங்கள் அரங்கத்துக்குள் செம்மண்ணைக் கொட்டிப் பரப்பிக் களம் அமைத்தார்கள். கூரைக்குக் கீழே மண். வெளியே வட ஐரோப்பிய மார்கழி இருட்டு, உள்ளே விளக்கொளியில் ஒரு செயற்கைக் கோடை. மண்ணில் விழுந்த பந்து வேகம் குறைந்து நெஞ்சுயரம் எழும். காற்று இல்லாததால் அடிப்பவருடைய கணக்கும் தவறாது. மாட்ஸ் விலாண்டர் 1982-இலும் 1985-இலும் பிரெஞ்சுப் பட்டத்தை வென்றவர். மண்தளத்தில் அவரிடம் பிழையை எதிர்பார்ப்பது மலைப்பாதையில் பேருந்து குறித்த நேரத்துக்கு வருமென்று எதிர்பார்ப்பதைப் போன்றது.

இது நியாயமா என்று அன்று கேட்டவர்கள் உண்டு. டெல்லியில் புல்லை விரித்தவர்கள் கோத்தன்பர்க்கில் மண்ணைக் குறை சொல்வது அழகன்று. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று கற்ற தமிழருக்கு இதில் வியப்பும் இருக்கக் கூடாது. புறத்திணையில் சொல்வதானால் இந்தியா சென்றது உழிஞை சூடி, சுவீடன் நின்றது நொச்சி சூடி. கோட்டைக்குள் இருப்பவன் அகழியைத் தன் விருப்பப்படி வெட்டிக்கொள்வான். ஆனால் கூரையிட்ட அரங்கில் ஒன்று மட்டும் திணை இலக்கணத்துக்குள் அடங்காமல் நிற்கிறது. அங்கே நிலம் இருக்கிறது, பொழுது இல்லை. வைகறையும் இல்லை, எற்பாடும் இல்லை, கார் காலமும் இல்லை. நிழல் நீளாத ஓர் ஆட்டத்தை மனத்தில் வரைந்துகொள்வதுதான் மலையிலிருந்த இரசிகருக்கு மிகவும் கடினமாக இருந்திருக்கும்.

அவருக்குக் கிடைத்த கருவிகள் இரண்டு. ஒன்று சிற்றலை வானொலி. கோடைப் பண்பலை அப்போது பிறக்கவில்லை. இரவில் பி.பி.சி.யைத் தேடிக் குமிழைத் திருப்பினால் கடலோசை போல ஓர் இரைச்சல் எழும், அதற்குள் குரல் எழுந்தும் அமிழ்ந்தும் வரும். இன்னொன்று மதுரையில் அச்சாகி விடிகாலைப் பேருந்தில் வத்தலக்குண்டு வழியாக மேலேறி வரும் நாளிதழ். சுவீடனில் நண்பகல் என்றால் இங்கே மாலை நான்கரை மணி. அங்கே ஆட்டம் நீண்டால் இங்கே இரவு முதிர்ந்துவிடும். அச்சுக்குப் போகும் நேரத்துக்குள் முடிந்தால்தான் முடிவு பத்திரிகையில் இடம்பெறும். இல்லையேல் 'ஆட்டம் தொடர்ந்து நடைபெறுகிறது' என்ற வரியோடு அது நின்றுவிடும். நேற்று முடிந்துபோன ஓர் ஆட்டம் இன்று காலை காகிதத்தில் இன்னும் நடந்துகொண்டிருக்கும். இத்தகைய காலக்குழப்பம் கவிஞர்களுக்குப் பிடித்தமானது, இரசிகருக்கோ வேதனை.

நாளிதழ்களின் மொழியைப் பற்றியும் ஒரு சொல். தமிழ் விளையாட்டுப் பக்கத்தில் வென்றவர் வாகை சூடுவார், எதிரியை வீழ்த்துவார், மண்ணைக் கவ்வ வைப்பார். தோற்றவருக்கு இருப்பதோ இரண்டே தொடர்கள். 'போராடித் தோற்றார்' என்பது ஒன்று, 'எளிதில் தோற்றார்' என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையே ஒரு மனிதன் தோற்கக்கூடிய வழிகள் நூறு இருக்கின்றன. அவற்றுக்குச் சொல் இல்லை. கவிஞர்கள் இந்தக் குறையைக் கவனிக்கலாம்.

வெள்ளிக்கிழமை ரமேஷ் கிருஷ்ணன் விலாண்டரிடம் 4-6, 1-6, 3-6 என்று தோற்றார். விஜய் அமிர்தராஜ் ஆண்டர்ஸ் யாரிடிடம் 3-6, 3-6, 1-6 என்று தோற்றார். நான்கு நாள்களுக்கு முன்புதான் விஜய்க்கு 34 வயது நிறைந்திருந்தது. 1973-இல் பத்தொன்பது வயது இளைஞராக ஜிம்மி கானர்ஸை இறுதி ஆட்டத்தில் வென்று பட்டம் பெற்றவர் அவர். 1974-இல் இந்தியா டேவிஸ் கோப்பை இறுதிக்குச் சென்றபோதும் அணியில் இருந்தார்.

அந்த 1974-ஐ இங்கே சற்று நினைவுகூர வேண்டும். இறுதியில் எதிர்த்து நின்றது தென்னாப்பிரிக்கா. நிறவெறி அரசின் அணியோடு ஆட மாட்டோம் என்று இந்தியா விலகிக்கொண்டது. கோப்பை ஆடாமலேயே தென்னாப்பிரிக்காவுக்குப் போயிற்று. ஆடப்படாத அந்த இறுதிப் போட்டிக்கும் இரசிகர்கள் உண்டு. விஜய் இருபது வயதில், ஆனந்த் இருபத்திரண்டில், இருவரும் இளமையின் உச்சத்தில் இருந்தார்கள். வென்றிருப்பார்களா என்ற கேள்விக்கு விடையில்லை. ஆனால் விலகியது சரி. அதை அந்நாளிலேயே சரியென்று சொல்லிவிட்டு, பிறகு வாழ்நாள் முழுவதும் உள்ளுக்குள் அந்த ஆட்டத்தை ஆடிப் பார்த்துக்கொண்டிருந்தவர்களே உண்மையான இரசிகர்கள். பதின்மூன்று ஆண்டு கழித்துக் கிடைத்த வாய்ப்பில், வெள்ளிக்கிழமை இரவுக்குள் இந்தியா 0-2 என்று பின்தங்கிவிட்டது.

சனிக்கிழமை இரட்டையர் ஆட்டம். சுவீடனுக்கு விலாண்டரும் யோக்கிம் நிஸ்ட்ரோமும். 1986-இல் விம்பிள்டன் இரட்டையர் பட்டத்தை வென்ற இணை அது. இந்தியாவுக்கு அண்ணனும் தம்பியும். அமிர்தராஜ் சகோதரர்கள் இருவருக்கும் சேர்த்து வயது 69, எதிரே நின்ற இருவருக்கும் சேர்த்து 47. முதல் செட் 2-6. இரண்டாவது செட்டை அண்ணனும் தம்பியும் 6-3 என்று எடுத்தார்கள். பிறகு 1-6, 2-6. அத்தோடு கோப்பை போயிற்று.

அந்த மூன்று நாள்களில் ஆடப்பட்டவை மொத்தம் பதினான்கு செட்கள். அவற்றில் இந்தியா வென்றது அந்த ஒன்றே ஒன்று. ஒன்பது கேம்கள் கொண்ட சிறிய செட். வரலாறு அதைக் கணக்கில் வைக்காது. வைக்க வேண்டிய தேவையும் இல்லை. ஆனால் மலையில் இருக்கும் கணக்குப்பிள்ளை நாளிதழின் பொடி எழுத்தில் '2-6, 6-3, 1-6, 2-6' என்ற வரியைப் பார்க்கிறார். எண்கள் மட்டுமே. எந்தப் பந்தை யார் எங்கே அடித்தார் என்று ஒரு சொல்லும் இல்லை. அந்த 6-3 என்னும் இரண்டு எண்களுக்குள் அவர் முழு ஆட்டத்தையும் கட்டி எழுப்புகிறார். ஆனந்த் வலையருகே குனிகிறார், விஜய் உயரத் தூக்கி அடிக்கிறார், பன்னிரண்டாயிரம் பேர் கொள்ளும் அரங்கம் ஒரு கணம் அமைதியாகிறது. இவற்றில் எது உண்மையில் நிகழ்ந்தது, எது அவர் படைத்தது என்று பிரிக்க இயலாது. ஈரடிக்குள் ஒரு வாழ்க்கையை விரித்துக்கொள்ளும் வாசகர் செய்வதும் இதுவே. ஆகவே ஆட்ட இரசிகரை இலக்கியச் சுவைஞரிடமிருந்து வெகு தொலைவில் நிறுத்த வேண்டியதில்லை. வேறுபாடு ஒன்று உண்டு. கவிதையை மறுபடியும் படிக்கலாம். ஆட்டம் ஒருமுறைதான்.

தோற்றவரைக் கொண்டாடுவது தமிழுக்குப் புதிதன்று. வெண்ணிப் போரில் வென்ற கரிகாலன் முன்னாலேயே நின்று, முதுகில் புண்பட்ட நாணத்தால் வடக்கிருந்த சேரனே உன்னைவிட நல்லவன் அல்லனோ என்று கேட்டவர் வெண்ணிக்குயத்தியார். வென்றவன் தந்த சோற்றை உண்ணும் இடத்தில் நின்று அதைக் கேட்கத் துணிவு வேண்டும். ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. கோத்தன்பர்க்கில் தோற்றவர்களை வீரக் காவியமாக்கிவிடுவதும் பொய்தான். அவர்கள் அங்கே தங்களைவிடச் சிறந்த ஆட்டக்காரர்களிடம் தோற்றார்கள். மண் காரணம், வயது காரணம், எல்லாவற்றுக்கும் மேலாக விலாண்டரின் ஆட்டம் காரணம். இதை ஒப்புக்கொண்ட பிறகும் அவர்கள் பின்னாலேயே செல்வதுதான் இரசிகரின் நிலை. ஒப்புக்கொள்ள மறுப்பவருக்குக் கட்சிக்காரர் என்று பெயர்.

ஞாயிற்றுக்கிழமை இன்னும் இரண்டு ஆட்டங்கள் இருந்தன. முடிவு தெரிந்த பிறகு ஆடும் இத்தகைய ஆட்டங்களை ஐந்து செட்டிலிருந்து மூன்று செட்டாகச் சுருக்கிவிடுவது அந்நாளைய வழக்கம். ஆங்கிலத்தில் இதற்குச் செத்த ஆட்டம் என்று பெயர். தமிழில் நல்லவேளையாக அப்படியொரு பெயர் ஏற்படவில்லை. யாரிட் ரமேஷை 6-4, 6-3 என்றும், விலாண்டர் விஜயை 6-2, 6-0 என்றும் வென்றனர். 5-0. மீதமில்லாத தோல்வி.

அதன் பின் நடந்தவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். 1993-இல் இந்தியா மீண்டும் அரையிறுதி வரை வந்தது. பிரான்சில் பிரான்சையே வென்ற அந்த அணியில் ரமேஷும் இளைஞர் லியாண்டர் பயஸும் இருந்தார்கள். சண்டிகரில் ஆஸ்திரேலியாவிடம் பயணம் முடிந்தது. 1997-இல் தொழில்முறை ஆடவர் போட்டி ஒன்று சென்னை நுங்கம்பாக்கத்துக்கே வந்தது. இரவுப் பேருந்தில் இறங்கிப் போய்க் கண்ணால் காணும் பேறு மலைவாசிகளுக்கும் கிட்டியது. அங்கே கூரை இல்லை. வெயிலும் கடற்காற்றும் ஆட்டத்தில் கலந்தன. முதல் ஆண்டுப் பட்டத்தை வென்றவர் மிக்கேல் டில்ஸ்ட்ரோம். அவரும் ஒரு சுவீடன்காரர் என்பதைப் பழைய இரசிகர்கள் கவனிக்காமல் இருந்திருக்க மாட்டார்கள். 2018-இல் அந்தப் போட்டி புனேவுக்குப் பெயர்ந்தது. 2012-இல் பாரிஸ் பெர்சி உள்ளரங்கில் மகேஷ் பூபதியும் ரோகன் போபண்ணாவும் இரட்டையர் பட்டம் வென்றபோது, புள்ளிக்குப் புள்ளி கணக்கு கைப்பேசியிலேயே ஓடிற்று. இப்போது காத்திருக்க வேண்டியதில்லை. பழைய காத்திருப்பை இனிமையானது என்று புகழ்வாரும் உண்டு. அது மிகை. காத்திருந்தவர்களுக்கு அது இனிமையாக இருக்கவில்லை.

எனினும் காத்திருத்தல் இம்மலைக்குப் பழகிய தொழில். நீலக்குறிஞ்சி 1982-இல் பூத்தது, பிறகு 1994-இல், 2006-இல், 2018-இல் பூத்தது. 1987 டிசம்பர் பூக்காத ஆண்டுகளின் நடுப்பகுதி. சரிவுகளில் செடி இருந்தது, பூ இல்லை. இலக்கணப்படி இருத்தல் முல்லைக்கு உரியது. குறிஞ்சி நிலத்தில் முல்லை ஒழுக்கம், அதாவது திணை மயக்கம். தொல்காப்பியர் பொறுத்துக்கொள்வார். டேவிஸ் கோப்பை இறுதியோ குறிஞ்சியைப் போல ஆண்டுக் கணக்கு வைத்து வருவதன்று. 1966, 1974, 1987 என்று மும்முறை வந்தது. குறிஞ்சி அதன் பிறகு மூன்று முறை பூத்துவிட்டது. இந்தியாவுக்கு இன்னோர் இறுதி வரவில்லை.

மீண்டும் அந்தக் கணக்குப்பிள்ளையிடம். டிசம்பர் 21, திங்கட்கிழமை காலை. மார்கழி பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஊத்துப் பிரிவில் பேருந்து நிற்கும் இடத்தில், கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு அவர் நிற்கிறார். கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை முடிந்துவிட்டது. காப்பிப் பழம் பறிக்கும் ஆட்கள் அவரைக் கடந்து போகிறார்கள். பனிக்குள்ளிருந்து முதலில் ஓசையும், பிறகு மஞ்சள் விளக்கும், பிறகு பேருந்தும் வருகின்றன. நடத்துநர் கூரையிலிருந்து நாளிதழ்க் கட்டைத் தள்ளிவிட்டுக் கீழே குனிந்து பார்க்கிறார்.

"என்ன கணக்குப்பிள்ளை, முந்தாநாளே தோத்தாச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க. இன்னிக்கும் பேப்பருக்கு வந்து நிக்கிறீங்களே?"

"நேத்து ரெண்டு ஆட்டம் பாக்கி இருந்துச்சுண்ணே."

நடத்துநர் அதற்கு மேல் கேட்கவில்லை. கட்டைப் பிரித்து, மேலே இருந்த ஒரு பிரதியை உருவி நீட்டினார். கணக்குப்பிள்ளை அங்கேயே நின்றபடி கடைசிக்கு முந்திய பக்கத்தைத் திருப்பினார். ஈரக்காகிதம் கையோடு ஒட்டிக்கொண்டது. ரமேஷின் எண்களை ஒருமுறை, விஜயின் எண்களை ஒருமுறை படித்தார். பிறகு காகிதத்தை நான்காக மடித்துக் கம்பளிக்குள் வைத்துக்கொண்டு தோட்டத்துப் பாதையில் இறங்கினார்.

மூன்று நாள் கழித்து, 24-ஆம் தேதி விடியலில், முதலமைச்சர் எம்.ஜி.ஆர். மறைந்த செய்தி வந்தது. பேருந்துகள் நின்றன, கடைகள் அடைத்தன, மலைக்குக் காகிதம் ஏறவில்லை. வீட்டிலிருந்த கடைசி நாளிதழ் அந்தத் திங்கட்கிழமையுடையதே.